காலியாக விட்ட வெள்ளிக்கிழமை

மருதங்காலில் வாழ்வியல் பாடத்துக்கு வருஷத் திட்டம் போடுகிற அன்றைக்கு யாரும் காலையில் தாளிக்க மாட்டோம், கோலத்தைப் பாதியில் விட்டுவிடுவோம், யாருடைய கைவேலையையும் யாரும் புகழ மாட்டோம், பழைய சோற்றை மோரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து, இந்த வருஷம் நம்மில் யாரிடமிருந்து எது போகப்போகிறதோ என்று ஆளாளுக்கு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்போம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் புத்தகம் வந்தபோது எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. வழுவழு அட்டை போட்ட புத்தகம். வருஷத்துக்கு முப்பத்தாறு வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியடு, பிள்ளைகளுக்குப் பிழைக்கிற வழி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. முப்பத்தைந்து பாடம் அவர்களே அச்சடித்திருந்தார்கள், அதை மாற்றக் கூடாது, வரிசையை மட்டும் முன்னே பின்னே வைத்துக்கொள்ளலாம், ஒரு வெள்ளிக்கிழமையைக் காலியாக விட்டு, அந்த ஊர் தன் பிள்ளைகளுக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளட்டும் என்று கோடு போட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பில் அப்போது நாற்பத்தொரு பிள்ளைகள். வருஷா வருஷம் அந்தப் பிள்ளைகளோடேயே பாடமும் மேல்வகுப்புக்கு ஏறும் என்று ஏற்பாடு. நடத்துகிறது ஜெபராணி டீச்சர். நான் அங்கே சத்துணவு சமைக்கிறவள், மரகதம். என் பிள்ளைகள் இரண்டும் அதே பள்ளியில் படித்து, ஒன்று திருப்பூரிலும் ஒன்று மெட்ராசிலுமாகக் குடும்பம் குட்டியோடு இருக்கிறார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை சட்டைக்குப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டார்கள். சனிக்கிழமை காலையில் டெய்லர் சுடலைமுத்து ஒரு பொத்தானை எடுத்து உள்ளங்கையில் வைத்து, வேற்றூர்க் காசைப் பார்ப்பது மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலர் வைத்தார், கை வைத்தார், எல்லாம் வந்தது, பொத்தான் மட்டும் வரவில்லை. இரண்டாவது வெள்ளிக்கிழமை ரோட்டைக் கடப்பது எப்படி என்று பாடம். முப்பது வருஷமாகத் தென்காசி ரோட்டை நாளுக்கு நாற்பது தடவை கடந்த தபால்காரர் அருணாசலம், மறுநாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புளியமரத்தடியில் உச்சிவெயில் வரைக்கும் நின்றார், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூன்றாவது வெள்ளி கோபத்தை அடக்குவது. அம்மன் கோயில் பூசாரி, அதுவரைக்கும் அதட்டி ஒரு ஆட்டைக்கூட விரட்டாதவர், சனிக்கிழமை உச்சிகால பூஜையில் தீபாராதனைத் தட்டைத் தூக்கி எறிந்தார்.

நாலாவது வாரத்தில் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. பாடம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது, ஊரில் அதை எல்லாரையும்விட நன்றாகச் செய்கிறவர் யாரோ அவரிடமிருந்து போய்விடுகிறது, அவ்வளவுதான். யாரும் வாயைப் பிளக்கவில்லை. பெற்று வளர்த்தவர்களுக்கு அது அப்படியொன்றும் புதுச் சங்கதியாகத் தெரியவில்லை. டெய்லர் கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு போட்டார், சாயங்காலம் பிள்ளைகள் வந்து பொத்தான் தைத்துக் கொடுத்தார்கள். தபால்காரரை முறை வைத்து ரோடு தாண்டவிட்டார்கள். பூசாரியின் கைக்கு எட்டாத இடத்தில் தட்டை வைத்தார்கள்.

என்னிடமிருந்து போனது உப்பு. ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ‘அளவறிந்து சமைத்தல்’ என்று பாடம் நடந்தது, மறு திங்கள்கிழமை உப்பு டப்பாவுக்குள் கையை விட்டேன், இருபத்திரண்டு வருஷமாகத் தானாகவே நின்ற கை எங்கே நிற்பது என்று தெரியாமல் உள்ளேயே கிடந்தது. வலி இல்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவது மாதிரி இருந்தது, அம்மனை நினைத்துக்கொண்டு அடுப்படியில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஜெபராணி டீச்சர் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை அனுப்பிவைத்தார். முப்பிடாதி என்று பெயர். தினமும் பதினொன்றரைக்கு வருவாள், குழம்பை எட்டிப் பார்ப்பாள், உப்பை அள்ளுவாள், போடுவாள், “போதும் அத்தை” என்பாள், போவாள். சித்திரை வெயிலிலும் அடுப்பு அனலிலும் மணிக்கட்டு வரைக்கும் நீளக்கைச் சட்டைதான் போட்டிருப்பாள். இதை இப்போது சொல்கிறேன். அப்போது நான் குழம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷத்திலிருந்துதான் எங்கள் ஊரில் வியாழக்கிழமை எதுவும் சரியாக நடக்காமல் போனது. மறுநாள் பாடத்தில் யார் முதலாவதாக நிற்பார்களோ என்ற பயத்தில் எல்லாரும் வேண்டுமென்றே கோணலாகச் செய்தோம். நாவிதர் கிருதாவை ஒருபக்கம் ஏற்றி ஒருபக்கம் இறக்கினார், டீக்கடையில் டிகாக்ஷன் தண்ணீராக இருந்தது, கொத்தனார் சுவரைச் சாய்த்துக் கட்டிவிட்டுச் சனிக்கிழமை இடித்தார். “உன்னை மாதிரி யாருட்டி முறுக்குச் சுத்துவா” என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அது சாபம் மாதிரி, கேட்டவள் வீட்டுக்கு ஓடிப்போய் மிளகாய் சுற்றிப் போட்டாள். ஆனால் ஒன்றுமே இழக்காதவர்களுக்கும் ஒரு வெட்கம் இருந்தது. ஜெபராணி டீச்சரே ஒருநாள் என்னிடம், “எழுவது வெள்ளிக்கிழமை ஆனாலும் எங்கிட்ட இருந்து ஒண்ணும் போகாது போல மரகதக்கா, எதுலயுமே நான் மொதல்ல இல்லையே” என்று சிரித்தபடி சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். ஊர் எல்லையில் இருக்கிற சுடலைமாடன் பீடத்தைத் தாண்டிப் போயிருப்பவரை அது தொடாது, அடுத்தபடியாக இருப்பவரைப் பிடிக்கும். இதைத் தெரிந்துகொண்டதுதான் எங்களுக்கு வினையாக வந்தது.

இரண்டாம் வருஷத்துத் திட்டம் போட வேப்பமரத்தடியில் கூடினோம். பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு ஏறியிருந்தார்கள். ஜெபராணி டீச்சர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடமாக வாசிக்க, கல்யாண மாதத்தில் சமையல் சம்பந்தமான பாடம் வேண்டாம் என்று கல்யாணச் சமையல்காரர் தவசிப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட, வாழைத்தார் வெட்டு முடிகிற வரைக்கும் ‘பாரம் தூக்குதல்’ வேண்டாம் என்று தோட்டக்காரர்கள் சத்தம் போட, பென்சிலால் எழுதி அழித்து எழுதி முப்பத்தைந்து வெள்ளிக்கிழமையும் ஒருவழியாக நிரம்பியது. காலியாக விட்ட வெள்ளிக்கிழமை மட்டும் பாக்கி.

அப்போது தளவாய் அண்ணாச்சி எழுந்தார். பீடிக்கடை வைத்திருக்கிறவர். ஊரில் பாதிப் பெண்கள் அவரிடம் இலை வாங்கிச் சுற்றிக் கொடுக்கிறவர்கள்தான். பள்ளிக்கூடத்து மணி அவர் வாங்கிக் கொடுத்தது, நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சும் அவர் கொடுத்ததுதான். அண்ணன் கேரளாவில் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட, தாயும் செத்துப்போன அண்ணன் மகளைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கிற புண்ணியவான் என்று பெயர். அந்த மகள்தான் முப்பிடாதி.

“நான் சொல்லுதேன்னு தப்பா எடுத்துக்காதிய,” என்றார் அண்ணாச்சி. “இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு எல்லாம் தெரியுது, தாங்கிக்கிடத்தான் தெரியல. ஒரு வார்த்தை சொல்ல முடியுதா? மூஞ்சிய தூக்குது. ‘துன்பத்தைத் தாங்குதல்’னு எழுதுங்க டீச்சர். நம்ம ஆவுடை மாதிரி இருக்கணும் பிள்ளைய.”

எல்லாரும் ஆவுடையக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அவள் என் பக்கத்து வீடு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில் வாழைத்தார் ஏற்றிய வண்டியோடு அவள் புருஷனையும் இரண்டு பையன்களையும் ஆறு கொண்டுபோய்விட்டது. பதினேழாம் நாள் சந்தையில் இலைக்கட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தவள்தான், ஒருவர் முன்னாலும் அழுதது கிடையாது. அன்றிலிருந்து அம்மன் கொடைத் திருவிழாவில் முதல் முளைப்பாரி அவள் தலையில்தான். புருஷனிடம் அடிவாங்கிக்கொண்டு தாய்வீட்டு வாசலில் வந்து நிற்கிற பெண்ணிடமும், மாமியார் கொடுமை தாங்காமல் அழுகிற பெண்ணிடமும், “ஆவுடையப் பாருட்டி, அவளவிடவா ஒனக்கு வந்துட்டு?” என்றுதான் நாங்கள் கேட்போம், அந்தப் பெண்ணும் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய்விடும். நானே கேட்டிருக்கிறேன். என் மகளிடமே ஒருதடவை கேட்டிருக்கிறேன்.

பாடம் நடந்தால் ஆவுடையக்காவிடமிருந்து அது போய்விடும், பன்னிரண்டு வருஷத்தை ஒரே நாளில் அவள் எப்படிச் சுமப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னவோ ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சு கொடுத்தவர் கேட்கும்போது முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அதனால் கூட்டம் கலைந்த பிறகு ஜெபராணி டீச்சரிடம் போய், நல்லது செய்கிறேன் என்று நினைத்து, ஒரு யோசனை சொன்னேன்.

“அன்னைக்கு ஆவுடையக்காவ திருச்செந்தூருக்கு பஸ் ஏத்திவிட்டுருவோம் டீச்சர். முருகனுக்கு நேர்ச்சைன்னு சொல்லுதேன். எல்லையத் தாண்டிட்டா அவகிட்ட வராதுல்லா?”

“அடுத்த ஆள்கிட்ட வருமே மரகதக்கா.”

“அடுத்த ஆளு அவ்வளவு சொமக்கவா செய்யுதாவ? எங்கிட்டயே வந்தாலும் வரட்டும். எனக்கென்ன கொறச்சல், சாமி புண்ணியத்துல பிள்ளைய நல்லாருக்கு.”

இப்படித்தான் பேசினேன். இந்த வாயால்தான் பேசினேன்.

கார்த்திகை இரண்டாவது வெள்ளிக்கிழமை. காலை ஆறே முக்கால் பஸ்ஸில் ஆவுடையக்காவை ஏற்றி, மடியில் தேங்காய் பழத்தை வைத்து, பஸ் பீடத்தைத் தாண்டி வளைவில் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்தேன். மழை தூறிக்கொண்டே இருந்தது. அன்றைக்கும் முப்பிடாதி வந்து உப்புப் போட்டாள், “போதும் அத்தை” என்றாள். சாயங்காலம் கடைசிப் பீரியடு மணி அடித்தபோது ஊரே கடையைச் சாத்திவிட்டு வாசலில் வந்து நின்றது, யார் முகம் முதலில் உடையப்போகிறது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் அண்டாவைத் தேய்த்தபடியே வகுப்பு ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜெபராணி டீச்சர் புத்தகத்தில் இல்லாததைத் தானே எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பது கேட்டது: கண்ணை மூடுங்கள், உள்ளே ஒரு அறை இருக்கிறது, வலியைத் தூக்கி அந்த அறையில் வையுங்கள், கதவைச் சாத்துங்கள், வெளியே வந்துவிடுங்கள்.

நாற்பது கதவு சாத்துகிற சத்தம் எனக்கு நிஜமாகவே கேட்டது.

அப்புறம் ஒரு கதவு திறந்தது. ஊரில் ஒருவர் முகமும் உடையவில்லை, பெரியவர்கள் எல்லாரும் அப்படியே நின்றோம், சத்தம் வகுப்புக்குள்ளிருந்து வந்தது. மூன்றாவது பெஞ்சில் முப்பிடாதி எழுந்து நின்று கத்தினாள். கற்றுக்கொள்கிற பிள்ளைகளில் ஒருத்திகூட ஊரிலேயே முதலாவதாக இருக்க முடியும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. படிப்பது பிள்ளைகள், தெரிந்தவர்கள் நாங்கள் என்றுதான் கணக்குப் போட்டிருந்தோம்.

“எரியுது! எரியுது! அத்தை, எரியுது!” என்று கத்திக்கொண்டே மழைக்குள் ஓடி வந்தாள், சட்டைக் கையைப் பிய்த்தாள். மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் வட்ட வட்டமாகச் சூடு. பழையது கறுத்தும் புதியது சிவந்தும், வரிசை வைத்தாற்போல. கட்டுக்கு இருபத்தைந்து பீடி, எத்தனை குறைகிறதோ அத்தனை சூடு, சித்தப்பா வைத்தது, நாலு வருஷம், தினமும், விடியுமுன் எழுந்து சுற்ற வேண்டும், பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் எண்ணிக் கொடுக்க வேண்டும் என்று, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, நாள் சொல்லிக் கத்தினாள். தளவாய் அண்ணாச்சி தன் கடை வாசலில்தான் நின்றிருந்தார்.

“சத்தம் போடாத தாயி, நாலு பேரு பாக்காக,” என்று ஒருத்தி சொன்னாள். “ஆவுடையப் பாரு...” என்று இன்னொருத்தி ஆரம்பித்துவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியவில்லை, அதுதானே போய்விட்டது. மூன்று நாள் கத்தினாள். இரண்டு நாள் நாங்கள் அவளைத்தான் அமைதிப்படுத்தப் பார்த்தோம், மூன்றாவது நாள்தான் போலீசுக்குச் சொன்னோம், அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த இரண்டு நாளை அம்மன் என்னைக் கேட்பாள். முப்பிடாதி அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியே என் வீட்டுக்கு வந்துவிட்டாள், என் மகள் படுத்த இடத்தில் படுத்தாள்.

மறுநாள் ஆவுடையக்கா திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்து, நடந்ததைக் கேட்டு, என் வாசல்படியில் நின்றாள்.

“என்னைக் காப்பாத்தத்தான் பஸ் ஏத்தினியா மரகதம்?”

“ஆமாக்கா.”

“அது போனாப் போகட்டும்னு நான் பன்னெண்டு வருசமா வேண்டிக்கிட்டு இருக்கேன். தல நெறய மொளப்பாரிய வச்சு வச்சு என்னை அழவிடாம பண்ணிட்டிய. வேணுமா வேண்டாமானு ஒருத்தராவது கேட்டியளா?” உள்ளே முப்பிடாதியின் அழுகைக்குக் காதைக் கொடுத்துவிட்டு, “நான் இங்கன இருந்திருந்தாலும் எங்கிட்ட வந்திருக்காது. இந்தப் பச்சப்பிள்ளதான் மொதல்ல,” என்றாள்.

அதன்பிறகு முப்பிடாதியால் ஒன்றையும் தாங்க முடியவில்லை. கொசு கடித்தால் கத்துவாள். பஸ்ஸில் ஒருவன் மேலே சாய்ந்தால் தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். ரேஷனில் புழுத்த அரிசியைப் போட்டால், பக்கத்து வீட்டில் ஒருத்தன் பெண்டாட்டி மேல் கை ஓங்கினால், அடுத்தவளுக்கு விழுகிற அடிக்கும் இவள்தான் கத்துவாள். ஊருக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது, பிறகு அவள் கத்துகிற இடத்துக்கு யாராவது ஒருவர் எட்டிப்பார்ப்பது என்று வழக்கமாகிவிட்டது.

எங்களை உறங்கவிடாமல் செய்தது அவள் சத்தம் இல்லை. மற்ற நாற்பது பிள்ளைகளின் அமைதி. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வரிசையாக வெளியே வந்து, மழையில் குடை விரிக்காமல், வேகமாகவும் போகாமல், மெதுவாகவும் போகாமல் வீட்டுக்குப் போனார்கள். அதிலிருந்து எந்தப் பிள்ளையும் அழவில்லை. ஒருத்தி மாமரத்திலிருந்து விழுந்து கையொடிந்து, மறுகையால் வீட்டுப்பாடம் எழுதி முடித்துவிட்டுத்தான் சாப்பிட வந்தாள். “வலிக்குதா?” என்று கேட்டால், “இருக்கு” என்பார்கள். அவ்வளவுதான். முதலில் பெற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள், என்ன பொறுமை, என்ன பொறுமை என்று. மாசியில் டெய்லர் சுடலைமுத்துவின் பேரன் கதிரேசன் நாலு நாள் வயிற்றில் சீழோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து போனான், ஐந்தாம் நாள் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு என் காலடியில் சரிந்தான். பெரியாஸ்பத்திரி டாக்டர், “இன்னும் அரை நாள் போயிருந்தா கொண்டுவந்திருக்கவே வேண்டாம்” என்றாராம். பையன் கண் விழித்ததும் டெய்லர், “சொல்லக்கூடாதால?” என்று கேட்டு அழுதார். அவன், “ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன் தாத்தா” என்றானாம்.

நாற்பது பிள்ளைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பூட்டிய அறை. அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாய்க்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை விளக்கேற்றி வைத்துக் கும்பிடுகிறவள் நான், அந்த மாசி பங்குனியில் கும்பிட உட்கார்ந்தால் நாற்பது கதவுதான் கண்முன்னால் நின்றது.

மூன்றாம் வருஷத்துத் திட்டத்துக்குக் கூடியபோது பிள்ளைகள் பத்தாம் வகுப்பு. அதோடு வாழ்வியல் முடிகிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்குப் போய்விடும். காலியாக விட்ட வெள்ளிக்கிழமை வந்ததும் நான் எழுந்தேன். என் குரல் எனக்கே கேட்காது என்று என் வீட்டுக்காரர் இருந்த காலத்திலேயே கேலி செய்வார்.

“‘வாய்விட்டுச் சொல்லுதல்’னு எழுதுங்க டீச்சர்.”

“என்னத்த? கத்தச் சொல்லிக் கொடுக்கதா?” என்றார் தவசிப்பிள்ளை.

“ஆமா. கத்தத்தான்.”

டெய்லர் முதலில் தலையாட்டினார். பிறகு ஒவ்வொருவராக ஆட்டினார்கள். ஜெபராணி டீச்சர் பென்சிலை எடுத்தவர் எழுதாமல் என்னைப் பார்த்தார். “யார்கிட்ட இருந்து போகும்னு நெனச்சுப் பாத்தியளா?”

என் பக்கத்தில் நின்ற முப்பிடாதியை எல்லாரும் பார்த்தார்கள். அது போனால் அவள் நிலைமை என்ன? தாங்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே வெந்துபோவாள்.

“அன்னைக்கு ஒரு நா அவள பஸ் ஏத்தி...” என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது.

“ஏத்துங்க,” என்றார் டீச்சர். “அடுத்தது யாருன்னு தெரியுமா? போன தடவ நாம பெரியவங்களத்தான் பாத்துக்கிட்டு நின்னோம். இந்த ஊர்ல இவளுக்கு அடுத்தபடியா நல்லாக் கத்துததுக தொட்டில்ல கெடக்குதுக. பசிச்சா அழத் தெரியாத பிள்ள எத்தன நாளு உசுரோட கெடக்கும்?”

இடுப்பில் பிள்ளை வைத்திருந்தவர்கள் மாற்று இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள்.

“கடசி வெள்ளிக்கெழமையா போடுங்க டீச்சர்,” என்றேன். “அதுக்குள்ள நான் கத்திப் பழகி மொதல்ல நிக்கேன், எங்கிட்ட இருந்து போகட்டும்.”

சிரித்தார்கள். வாய்விட்டுச் சிரித்தார்கள். காக்கா விரட்டினால் காக்கா திரும்பிப் பார்க்காத மரகதம் கத்தப்போகிறாளாம். நானும் சிரித்தேன். டீச்சர் சிரிக்காமல் எழுதினார், முப்பத்தாறாவது கட்டத்தில், பேனாவால்.

ஜூன் மாதத்திலிருந்து தினமும் விடிந்ததும் ஆற்றங்கரை வாழைத்தோட்டத்துக்குப் போகிறேன். முதல் நாள் வாயைத் திறந்தேன், கொட்டாவிதான் வந்தது. ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் திறக்காத கதவு. என் கூட முப்பிடாதி வந்தாள். “அத்தை, தொண்டையில இல்ல, அடிவயித்துல இருந்து” என்றாள். “சும்மா கத்தாதிய. என்ன வலிக்குதோ அதப் பேரு சொல்லிக் கத்துங்க.” எனக்கு என்ன வலி இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஆடியில் என் மாமியாரைச் சொல்லிக் கத்தினேன். புரட்டாசியில், மூத்தவளுக்கு முன்னால் பிறந்து ஒருநாள் மட்டும் இருந்த பிள்ளையைச் சொல்லிக் கத்தினேன், அதற்குப் பெயர் வைக்கவில்லை, அன்றைக்கு வாழைத்தோட்டத்தில்தான் வைத்தேன். தை மாதம், ஒரு வருஷத்துக்கு மேல் என் பக்கத்தில் நின்று உப்புப் போட்ட கையை நான் பார்க்காததைச் சொல்லிக் கத்தினேன், அன்றைக்குத்தான் அக்கரையில் துணி துவைத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆவுடையக்காவும் சிலநாள் கூட வருவாள். அவள் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். நின்று பார்த்துவிட்டு இலை அறுக்கப் போய்விடுவாள். போன வாரம் ஒரு வெண்கல மணியைக் கொண்டுவந்து என் பாய்க்குத் தலைமாட்டில் கட்டினாள்.

“வழுக்கி விழுந்தாலும் இனிமே கூப்பிட ஒனக்கு வராது மரகதம். இத ஆட்டு. நான் வாரேன்.”

எனக்கு விழுவதைப் பற்றிக்கூட பயமில்லை. சாமியை எப்படிக் கூப்பிடுவேன் என்றுதான் இருக்கிறது. ‘தாயே’ என்று வாய்விட்டுக் கூப்பிட்டு எழுந்த காலைகள் எத்தனை. நாளையிலிருந்து விளக்கு முன்னால் ஊமையாக உட்கார வேண்டும். அவளாகப் பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் உண்டு. போகட்டும், உப்பின் அளவு தெரியாமல் சமைத்துப் பழகவில்லையா.

இன்றைக்கு வியாழக்கிழமை, நாளைக்கு அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை. ஊரில் எல்லாம் கோணலாக நடக்கிறது. டீ தண்ணீராக இருக்கிறது, பால்காரர் அளவை மாற்றி ஊற்றுகிறார், தொட்டில் வைத்திருக்கிற தாய்மார்கள் பிள்ளை அழுதுவிடக் கூடாதென்று இடுப்பை விட்டு இறக்காமல் மாரோடு அணைத்தபடியே நடக்கிறார்கள், பூசாரி அம்மனுக்குச் சேலையைத் தலைகீழாகக் கட்டியிருக்கிறார். நான் மட்டும் விடிந்ததும் குளித்து, திருநீறு பூசி, வாழைத்தோட்டத்தில் வந்து நின்றேன். முப்பிடாதி எனக்கு முன்னால் கத்தினாள், அவளுக்குக் கோணலாகக் கத்த வராது, ஆற்றுக்கு மேலே கொக்குக்கூட்டம் மொத்தமாக எழும்பிச் சுற்றியது. அவை இறங்குகிற வரைக்கும் காத்திருந்து, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்பது பிள்ளைகளின் பெயரையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைத்துக்கொண்டு, நானும் கத்தினேன். கொக்குகள் எழும்பின. பாதி திரும்பி வந்து உட்கார்ந்தன.

தூரத்தில், ரோட்டோரமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் வரிசையாக நின்று, ஒன்றும் சொல்லாமல், இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

முப்பிடாதி தலையைச் சாய்த்து, குழம்பில் உப்புப் பார்ப்பது மாதிரிக் கண்ணை மூடிக் கேட்டாள்.

“போதுமா தாயி?” என்றேன்.

“காணாது அத்தை,” என்றாள். “இன்னும் கொஞ்சம்.”

நான் மறுபடியும் வாயைத் திறந்தேன்.